பழுத்ததா, காய்ந்ததா, கருகியதா, அழுகியதா? சக்குலென்ட் பழுப்பானால் எந்த வைத்தியம்

இரண்டு வருடங்களுக்கு முன் மே மாதம், மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குப் போனபோது சாலையோர நர்சரி ஒன்றில் மூன்று எச்செவேரியா வாங்கினேன். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சக்குலென்ட் வகைச் செடி அது. சாம்பல் பூசிய தாமரை மாதிரி இருந்தன. சென்னைக்கு வந்த இரண்டாவது வாரத்தில் மூன்றும் பழுப்பாகத் தொடங்கின. ஒன்றில் அடி இலைகள், ஒன்றில் மேல் இலைகள், ஒன்றில் தண்டை ஒட்டிய பகுதி. மூன்றுக்கும் முதலில் ஒரே வைத்தியம் பார்த்தேன்: தண்ணீரை நிறுத்தினேன். முழுசாகப் பிழைத்தது ஒன்றுதான். அதற்கு என் வைத்தியம் காரணம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அம்மாவிடம் போனில் புலம்பியபோது, "ப்ரவுன் ஆயிடுச்சு, ப்ரவுன் ஆயிடுச்சுன்னா என்னடா அர்த்தம்? பழுத்துருக்கா, காஞ்சுருக்கா, கருகிருக்கா, அழுகிருக்கா?" என்று கேட்டார். அம்மா சக்குலென்ட் எதையும் வளர்த்ததில்லை. திண்டுக்கல் வீட்டு வாசலில் இருக்கும் சோற்றுக் கற்றாழையோடு சரி. ஆனால் அந்தக் கேள்விக்குள் நோய் கண்டுபிடிக்கும் முறையே இருக்கிறது. நாலு சொல்லும் நாலு வேறு காரணம், வைத்தியமும் வேறு வேறு. நான் எல்லாவற்றையும் 'ப்ரவுன்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடியிருந்தேன்.

எனவே முதலில் விரல், அப்புறம்தான் கத்தியும் மருந்தும்.

பழுத்த இலை, ரோஜாப்பூ மாதிரியான இலையடுக்கின் ஆக அடியில் இருக்கும். ஒன்று அல்லது இரண்டுதான். மஞ்சளாகி, சுருங்கி, வெங்காயத் தோல் மாதிரி ஆகி, தொட்டால் சுலபமாகக் கழன்று வரும். மேலே இருப்பவை எல்லாம் கெட்டியாக இருக்கும். காய்ந்த இலையில் சுருக்கம் முன்னே வரும், பழுப்பு பின்னே நுனியிலிருந்து வரும். தொட்டியைத் தூக்கினால் காலி டப்பா மாதிரி லேசாக இருக்கும். கருகிய இலையில் வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் திட்டு இருக்கும். முதலில் வெளிறி, பிறகு பழுப்பாகி, விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும். திட்டுக்கு ஓரம் தெளிவாக இருக்கும், நாளைக்கும் அதே அளவில்தான் இருக்கும். அழுகிய இலை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். அழுத்தினால் பழுத்த தக்காளி போலக் கொழகொழக்கும். அது நேற்றைவிட இன்று கூடியிருக்கும். இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் அவசரம்.

குழப்பம் வருகிற இடம் ஒன்று உண்டு. வேர் அழுகிப்போனால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது. அப்போது ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை சுருங்கும். பார்க்கிறவர், பாவம் தாகம் என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவார். இலை சுருங்கியிருக்கிறது என்பது மட்டும் போதாது, மண் எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் விடை. மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் ஈரம். ஈர மண்ணும் சுருங்கிய இலையும் சேர்ந்தால் வேரில் கோளாறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழுப்பு இந்த நாலிலும் சேராது. சோற்றுக் கற்றாழையை நிழலிலிருந்து சட்டென்று மொட்டை மாடிக்கு ஏற்றினால் மொத்த இலையும் செம்பழுப்பாகும். திட்டு இருக்காது, சுருக்கமும் அதிகம் இருக்காது. அது காயம் இல்லை. வெயிலைத் தாங்கச் செடி போட்டுக்கொள்ளும் நிறமி. நிழலுக்கு இறக்கிச் சில வாரம் விட்டால் பச்சை திரும்பும். ஜேட் செடியின் தண்டு வயதானால் பழுப்பாகிக் கட்டையாவதும் இயல்பு. கெட்டியாக இருக்கிறவரை அதைத் தொடாதீர்கள்.

சரி, இனி என்ன செய்வது. நம் கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

சும்மா இருப்பது

பழுத்ததற்கும் கருகியதற்கும் இதுவே சிறந்த வைத்தியம். ஆனால் நம் ஆட்களுக்கு மிகக் கடினமானதும் இதுதான். கருகிய திட்டு தழும்பு மாதிரி, மறையாது. அசிங்கமாக இருக்கிறதே என்று இலையைப் பிடுங்கினால் அதற்கு அடியில் நிழலில் இருந்த இலை வெயிலுக்குக் காட்டப்பட்டு அதுவும் கருகும். தழும்புள்ள இலையின் மீதிப் பச்சை இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. புது இலைகள் நடுவிலிருந்து வரவர, தழும்பு கீழே தள்ளப்பட்டு ஒருநாள் பழுத்து விழும். மாதக்கணக்கில் ஆகும். என் மூன்றில் பிழைத்தது இந்த ரகம்தான். நான் தண்ணீரை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தேறியிருக்கும்.

இடம் மாற்றுவது: வீட்டுக்குள்ளா, வலைக்குக் கீழா?

வெயிலில் கருகினால் உடனே தூக்கி வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் அதிகம். கருகுவது நிற்கும். ஆனால் ஒரே மாதத்தில் செடி வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி, இலைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பனைமரம் மாதிரி நிற்கும். அந்த நீளம் திரும்பக் குறையாது. ஜன்னலோரம் என்றால் பரவாயில்லை. அறையின் உள்பக்கம் ஹாவோர்த்தியா, ஸ்னேக் பிளான்ட் இரண்டுக்கும் மட்டும் ஓரளவு ஒத்துவரும்.

வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலையைப் பால்கனியில் கட்டுவது என் தேர்வு. காலை பத்து மணிவரை நேர் வெயில், அதன் பிறகு வலை நிழல் என்று அமைந்தால் சென்னையில் பெரும்பாலான சக்குலென்ட்டுக்கு அதுவே போதும். மேற்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவர் பிற்பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிவரை திருப்பிக் கொடுக்கும். தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். புதிதாக வாங்கிய செடி நர்சரியில் கூரைக்குக் கீழ் வளர்ந்தது என்பதை மறந்து, அக்னி நட்சத்திரத்தில் நேராக மாடியில் வைத்தால் இரண்டே நாளில் கருகும். பத்து நாள் எடுத்துக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்ட வேண்டும்.

தண்ணீர்

காய்ந்திருந்தால் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று தோன்றும். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்த்தூளில்தான் வரும். அது ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை லேசில் வாங்காது. தண்ணீர் தொட்டியின் ஓரமாக இறங்கித் தட்டில் தேங்கும். நாம் நிறைய ஊற்றியதாக நினைப்போம், வேருக்கு ஒரு சொட்டு போயிருக்காது. அதனால் காய்ந்த செடியை ஒரு பேசினில் இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் இலை புடைத்துவிட்டால் நோய் தாகம்தான். புடைக்கவில்லை என்றால் வேர் இல்லை என்று அர்த்தம். அப்போது அடுத்த பகுதிக்கு வந்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் சென்னையில் ஒரு கேள்வி. போர் தண்ணீரில் உப்பு அதிகமாக உள்ள வீடுகளில் மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் படிவு பூக்கும். அதே உப்பு தொட்டிக்குள்ளும் சேர்ந்து இலை நுனிகளைப் பழுப்பாக்கும். இதில் நல்ல மனசோடு செய்யும் ஒரு தவறு உண்டு. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிகளுக்கு ஊற்றுவது. அந்தத் தண்ணீரில்தான் உப்பு செறிந்திருக்கும். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. என் வீட்டில் ஏசி குழாய்க்கு அடியில் ஒரு பெயின்ட் வாளி நிரந்தரமாக நிற்கிறது.

மண் மாற்றுவதா, தலையை வெட்டுவதா?

உண்மையில் முடிவெடுக்கத் திணறும் இடம் இதுதான். அழுகல் தொடங்கிவிட்டது. வேரை மட்டும் சுத்தம் செய்து புது மண்ணில் வைப்பதா, அல்லது செடியின் கழுத்தை வெட்டி மேல்பாகத்தை மட்டும் காப்பாற்றுவதா?

தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுக்காமல் இதற்குப் பதில் கிடையாது. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் காவியாகவோ இருக்கும், இழுத்தால் எதிர்த்து நிற்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் மேல்தோல் உறை மாதிரி வழுக்கி வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஓர் இழைதான் மிஞ்சும். மணமும் காட்டிக்கொடுக்கும். நல்ல மண் முதல் மழை மாதிரி மணக்கும், அழுகியது சாக்கடை வாடை அடிக்கும். பிறகு தண்டின் அடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கவில்லையா, மண் மாற்றலாம். அமுங்குகிறதா, வெட்டுவதைத் தவிர வழியில்லை.

மண் மாற்றுவதில் நல்லது, செடியின் உருவம் அப்படியே இருக்கும். கெட்ட வேர்களை வெட்டி, மீதியை இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். கலவைக்கு நான் பயன்படுத்துவது இரண்டு பங்கு உடைத்த செங்கல் துண்டு, மிளகிலிருந்து கொண்டைக்கடலை அளவுவரை. ஒரு பங்கு பெர்லைட், அதாவது பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல். ஒரு பங்கு மண்புழு உரம். பெர்லைட் கிடைக்காவிட்டால் சலித்த எம்-சாண்ட் போதும். சல்லடையில் தங்குவதை எடுத்துக்கொண்டு கீழே விழும் மாவை விட்டுவிட வேண்டும். அந்த மாவுதான் நனைந்ததும் சிமென்ட் மாதிரி இறுகி வேரை மூச்சடைக்க வைக்கும். கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கடையில் 'கேக்டஸ் கலவை' என்று பையில் வருவதையும் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கிய இரண்டு பைகளில் முக்கால்வாசி அதே தென்னை நார்த்தூள்தான். தொட்டி என்றால் மழைக்காலத்துக்கு மண்தொட்டி. பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும்.

மண் மாற்றுவதில் கெட்டது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. வேர் வழியாக அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால் வெளியே கெட்டியாகவே தெரியும். புது மண்ணில் பத்து நாள் நன்றாக நின்று, பதினோராவது நாள் மொத்தமாகச் சரியும். அந்தப் பத்து நாளில் வெட்டியிருந்தால் பிழைத்திருக்கக் கூடிய தலையும் சேர்ந்து போகும்.

என் ஊட்டிச் செடியில் இரண்டாவது இப்படித்தான் போனது. மூன்றாவதை வெட்டினேன். எச்செவேரியாவின் இலைகள் நெருக்கமாக இருப்பதால் கத்தி நுழையாது. தையல் நூலைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் எதிரெதிராக இழுத்தால் சுத்தமாக அறுந்து வரும். முதல் வெட்டில், வெட்டுமுகத்தின் நடுவே ஐந்து ரூபாய் நாணயத்தில் கால்வாசி அளவுக்குக் காபி நிற வட்டம். அதற்கு மேல் ஒரு வரிசை இலைகளை உருவிவிட்டு, இம்முறை கத்தியால் இன்னொரு வில்லை வெட்டினேன். வட்டம் சிறுத்தது. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து மறுபடியும். இப்போது ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி மட்டும். போதும் என்று மனசு சொன்னது. போதாது, அந்தப் புள்ளியே திரும்பப் பரவும். நாலாவது வெட்டில்தான் முகம் முழுக்க வெளிர் பச்சையாக, வெள்ளரிக்காய் நறுக்கிய மாதிரி வந்தது. அதற்குள் உள்ளங்கை அகலச் செடி எலுமிச்சம்பழ அளவாகியிருந்தது.

வெட்டிய தலையைத் தலைகீழாக வைக்காமல், ஒரு காபி டம்ளரின் வாயில் உட்காரவைத்து நிழலில் விட்டேன். தண்ணீர் கிடையாது, மண் கிடையாது. வெட்டுமுகம் காய்ந்து தோல் கட்ட வெயில்காலத்தில் நாலைந்து நாள் போதும். ஐப்பசி கார்த்திகையில் மின்விசிறிக்குக் கீழே பத்து நாள்கூட ஆகும். அதன்பின் காய்ந்த கலவை மேல் வைத்தால் இரண்டு முதல் நாலு வாரத்தில் இளஞ்சிவப்பு வேர் எட்டிப் பார்க்கும். வேர் வந்த பிறகுதான் தண்ணீர். வெட்டுக்காயத்தில் சமையலுக்குப் போடும் பட்டையின் பொடியைத் தூவச் சொல்வார்கள். தூவுவதில் கெடுதல் இல்லை, ஆனால் காயவிடுவதுதான் வேலையைச் செய்கிறது. காயவிடாமல் பொடி மட்டும் போட்டால் பட்டை வாசனையோடு அழுகும்.

ஆக எது? தண்டு கெட்டி, வேரில் பாதிக்கு மேல் நல்லது என்றால் மண் மாற்றுங்கள். தண்டு அமுங்கினால் வெட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில், தண்டு கெட்டி ஆனால் வேர் அநேகமாக எல்லாம் போய்விட்டது என்ற நிலையில் நான் காலண்டரைப் பார்ப்பேன். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தில் சந்தேகம் என்றாலே வெட்டு. ஜனவரிக்குப் பிறகு, காற்று காய்ந்த நாட்களில், மண் மாற்றிப் பார்க்கும் பொறுமைக்கு இடம் உண்டு. கோயம்புத்தூர், பெங்களூரு நண்பர்கள் இவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. அங்கே ராத்திரி கொஞ்சமாவது குளிரும்.

எல்லாச் செடிக்கும் தலை வெட்ட முடியாது. ஹாவோர்த்தியாவுக்குத் தண்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கெட்ட இலைகளை ஒவ்வொன்றாக உரித்து நல்ல அடி வரும்வரை போக வேண்டும். கற்றாழைக்குப் பக்கக்கன்றைப் பிரித்தால் முடிந்தது. அடீனியத்தின் பருத்த அடியில் மெத்தென்று இருந்தால் ஸ்பூனால் வெள்ளைச் சதை தெரியும்வரை சுரண்டி, ஓரிரு வாரம் வேரோடு தொங்கவிட்டுக் காயவைக்கலாம். அதன் பால் நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

மருந்து

பழுப்பு என்றதும் பலர் முதலில் ஓடுவது மருந்துக்குத்தான். என் வரிசையில் அது கடைசி. கார்பென்டசிமும் மேன்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பொடியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தெளிப்பது வழக்கம். அது நல்ல பாகத்துக்குக் காவல், அவ்வளவுதான். அழுகிய சதையைத் திரும்பக் கொண்டுவராது. ஈர மண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மருந்து ஊற்றினால் ஈரம்தான் கூடும்.

மாவுப்பூச்சி மட்டும் விதிவிலக்கு. இலைக் கக்கத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை, தொட்டியில் எறும்பு நடமாட்டம், இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கருப்புப் படலம் இருந்தால் பூச்சிதான். வேப்பெண்ணெயா ஸ்பிரிட்டா என்றால், நாலைந்து பூச்சிக்குக் காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றியெடுப்பது சுத்தமான வேலை. முதலில் ஓர் இலையில் சோதித்துக்கொள்ளுங்கள். செடி முழுக்கப் பரவியிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கிச் சாயங்காலம் தெளிக்கலாம். எண்ணெய் பூசிய இலையை வெயிலில் வைத்தால் வடை சுட்ட மாதிரி ஆகிவிடும். எச்செவேரியாவின் சாம்பல் பூச்சும் எண்ணெயில் போய்விடும், அந்த இலைகளில் திரும்ப வராது. அதனால் அதற்கு நான் எண்ணெயே போடுவதில்லை.

செடியையே மாற்றுவது

இதைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. எச்செவேரியாவின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டு நிலங்கள். பகலில் வெயில் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். சக்குலென்ட்கள் பலவும் இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகலில் துளையை மூடிக்கொண்டு அதை வைத்துச் சமைக்கும். இரவும் சூடாக, 28 டிகிரியில் புழுங்கினால் அந்தக் கணக்கு இடிக்கிறது. சேமிப்பு குறைந்து செலவு கூடுகிறது. மே மாதச் சென்னையில் எச்செவேரியா சோர்ந்து நிற்பதற்கு நம் கைராசி காரணம் இல்லை.

அடீனியம் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளையும் அரேபியாவையும் சேர்ந்தது. நம் மே மாதம் அதற்குத் திருவிழா. ஸ்னேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்க வெப்பமண்டலத்துச் செடி, புழுக்கம் அதற்குப் பழக்கம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜேட், ஹாவோர்த்தியா இரண்டும் நடுவில் நிற்கும். நிழல்வலையும் மழை மறைப்பும் இருந்தால் ஓடிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் ஸ்னேக் பிளான்ட்டிலும் அடீனியத்திலும் கைப்பழக்கிவிட்டு எச்செவேரியாவுக்கு வரலாம். 120 ரூபாய்க்கு மேல் போட்டு அதை வாங்க வேண்டாம் என்பது என் சொந்தக் கட்டுப்பாடு. நான் வைத்திருப்பது இப்போது ஒன்றரைச் செடி. தழும்போடு பிழைத்தது ஒன்று, டம்ளரில் ஆறி, பிறகு வேர்விட்டு மெல்லத் தேறிவரும் எலுமிச்சை அளவுத் தலை அரை.

வெட்டும்போது உருவிய நல்ல இலைகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் ஓர் எவர்சில்வர் தட்டில் பரப்பி பீரோ மேல் வைத்திருந்தேன். பதினாலு இலை. மூன்று வாரம் கழித்துத் தூசி தட்ட ஏறியபோது ஐந்தில், இலை கழன்ற இடத்திலிருந்து கடுகளவு ரோஜா ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோ அனுப்பினேன். அம்மா தனக்கு இரண்டு வேண்டும் என்றார். திண்டுக்கல் வெயிலுக்குத் தாங்காது என்று இவ்வளவு நீளத்துக்கு விளக்கினேன். "கற்றாழை நிழல்ல வெச்சுக்கிறேன், கொண்டா" என்று சொல்லிவிட்டார்.